ஒன்-வே டிக்கெட்டில் வெளிநாடு போகலாமா? வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன. போவதற்கு டிக்கெட் எடுத்தாயிற்று, திரும்பி வர எடுக்கவில்லை, விடுவார்களா மாட்டார்களா? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு வாசகர் கேட்கிறார்: வேலையை விட்டுவிட்டு சில மாதங்கள் நாடு நாடாகச் சுற்றலாம் என்று கிளம்பினேன். முதல் நாட்டுக்கு மட்டும் டிக்கெட். அங்கே எனக்கு விசா தேவையில்லை, கையில் போதுமான பணமும் இருக்கிறது. ஆனால் செக்-இன் கவுன்ட்டரில் "ரிட்டர்ன் டிக்கெட் காட்டினால்தான் போர்டிங் பாஸ்" என்று சொல்லிவிட்டார்கள். ஒதுங்கி நின்று, கிடைத்த விலைக்கு போனிலேயே ஒரு டிக்கெட் வாங்கித்தான் ஏற முடிந்தது. இமிக்ரேஷன் கேட்க வேண்டியதை விமானக் கம்பெனி கேட்க என்ன உரிமை?

கோபம் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்திருப்பவர் கேட்டே ஆக வேண்டிய இடத்தில் இருக்கிறார். 1944-இல் சிகாகோவில் நாடுகள் கையெழுத்திட்ட சர்வதேச விமானப் போக்குவரத்து ஒப்பந்தத்தின் 9-ஆம் இணைப்பு இதைத்தான் பேசுகிறது. பயணியிடம் உரிய ஆவணங்கள் இருக்கின்றனவா என்று ஏற்றுவதற்கு முன்பே பார்க்க வேண்டியது விமானக் கம்பெனியின் வேலை. ஒரு நாடு உங்களை உள்ளே விட மறுத்துவிட்டால், நீங்கள் ஏறிய இடத்துக்கோ அல்லது உங்களை ஏற்றுக்கொள்ளும் வேறு இடத்துக்கோ திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியதும் அதே கம்பெனிதான். ஆவணக் குறையால் திருப்பி அனுப்பப்படுகிறீர்கள் என்றால் அதுவரைக்கும் ஆகும் காவல் செலவும் அவர்கள் தலையில் விழும். அதற்கு மேல் பல நாடுகள் அபராதமும் போடுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2001-இல் கொண்டுவந்த உத்தரவுப்படி, உரிய பயண ஆவணம் இல்லாத ஒரு பயணியை ஏற்றி வந்தால் போடும் அபராதத்துக்கு உறுப்பு நாடுகள் தேர்ந்தெடுக்கக்கூடிய வழிகளில் ஒன்று, குறைந்தபட்ச அபராதத்தையே 3,000 யூரோவுக்குக் குறையாமல் வைப்பது. உங்கள் டிக்கெட்டில் அவர்களுக்கு நிற்கிற லாபத்தையும் இந்தத் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவர்கள் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பது விளங்கும். இன்னொன்று, திருப்பிக் கொண்டுவந்த டிக்கெட் காசை உங்களிடமே வசூலிக்கவும் அவர்களுக்கு அனுமதி உண்டு.

அப்புறம், கவுன்ட்டரில் இருப்பவர் தன் இஷ்டத்துக்கு எதையும் சொல்வதில்லை. பெரும்பாலான விமானக் கம்பெனிகள் டைமாட்டிக் என்ற தகவல் தொகுப்பைத்தான் நம்பியிருக்கின்றன. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 1963 முதல் நடத்திவருகிற தொகுப்பு அது. உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது, எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், வழியில் எங்கே இறங்கி ஏறுகிறீர்கள் என்று தட்டினால் திரையில் சில வரிகள் வரும். அதில் "ரிட்டர்ன் அல்லது ஆன்வர்ட் டிக்கெட் (அங்கிருந்து அடுத்த நாட்டுக்குப் போகும் டிக்கெட்) இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருந்தால் போதும், நீங்கள் வங்கிக் கணக்கைக் காட்டினாலும் சரி, மேனேஜரைக் கூப்பிடச் சொன்னாலும் சரி, அந்த வரி மாறாது. அதே திரையில் சில நாடுகளுக்கோ சில பாஸ்போர்ட்டுகளுக்கோ அப்படி ஒரு வரியே இருக்காது. அதனால்தான் ஒரே நாட்டுக்குப் போன இரண்டு பேரில் ஒருவர் "என்னை யாரும் எதுவும் கேட்கவில்லையே" என்பார், இன்னொருவர் தடுக்கப்பட்டு நிற்பார். இருவரின் பாஸ்போர்ட் வேறாக இருக்கும், அல்லது விசா வகை வேறாக இருக்கும்.

ஆக, நீங்கள் தயாராக வேண்டியது முதலில் கவுன்ட்டருக்குத்தான். ஒன்-வே டிக்கெட்காரர்களுக்குச் சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் வருகிறது, தரையிறங்கிய பிறகு அல்ல. சில விமானக் கம்பெனிகளின் இணையதளங்களிலேயே பயண ஆவண விதிகளைத் தேடிப் பார்க்கலாம், அவர்கள் பார்க்கிற அதே தகவல்தான் உங்களுக்கும் வரும். டிக்கெட் வாங்குவதற்கு முன்பே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எந்தெந்த நாடுகள் இதில் கண்டிப்பு?

முழுப் பட்டியல் போட்டால் அடுத்த மாதமே பழசாகிவிடும், அதனால் சில மாதிரிகளை மட்டும் சொல்கிறேன். பிலிப்பைன்ஸுக்கு விசா இல்லாமல் போகிறவர்கள் திரும்பும் டிக்கெட்டோ அடுத்த நாட்டுக்கான டிக்கெட்டோ காட்டியே ஆக வேண்டும், விமானக் கம்பெனிகளும் அதை விடாமல் பார்க்கின்றன. இந்தோனேசியாவின் விசா ஆன் அரைவலுக்கும் (போய் இறங்கியதும் தருகிற விசா) அப்படித்தான். நியூசிலாந்து கொஞ்சம் தாராளம். சுற்றுலாப் பயணி அங்கிருந்து கிளம்ப டிக்கெட் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் டிக்கெட் வாங்கப் போதுமான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். அங்கே தங்கும் செலவுக்கு மாதத்துக்கு 1,000 நியூசிலாந்து டாலர் கணக்கு, தங்குமிடத்துக்கு முன்கூட்டியே கட்டியிருந்தால் 400. டிக்கெட் வாங்கும் பணம் இதற்கு மேல்.

அமெரிக்காவில் ஒரு விசேஷம் உண்டு, பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். விசா இல்லாமல் 90 நாள் போகும் திட்டத்தில் சுமார் 40 நாடுகளின் குடிமக்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ரிட்டர்ன் அல்லது ஆன்வர்ட் டிக்கெட் இருக்க வேண்டும், ஆனால் அந்த டிக்கெட் கனடாவிலோ மெக்சிகோவிலோ கரீபியன் தீவுகளிலோ முடிந்துவிட்டால் செல்லாது, நீங்கள் அங்கேயே வசிக்கிறவராக இருந்தால் தவிர. நியூயார்க்கிலிருந்து டொரன்டோவுக்கு ஒரு மலிவு டிக்கெட்டைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சீனாவின் 240 மணிநேர விசா இல்லாத இடைவழித் தங்கல் வேறு மாதிரி. 2024 டிசம்பரிலிருந்து, பட்டியலில் உள்ள 50-க்கும் மேற்பட்ட நாட்டவருக்கு அது கிடைக்கிறது. ஆனால் வந்த நாட்டுக்கே திரும்பும் டிக்கெட் அதற்கு உதவாது, மூன்றாவது ஒரு நாட்டுக்குத் தேதி உறுதியான டிக்கெட் வேண்டும். மற்ற நாடுகளில் பாதுகாப்பு தருகிற சாதாரண ரிட்டர்ன் டிக்கெட் இங்கே உங்களைக் கெடுத்துவிடும்.

ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதியில், அதாவது ஒன்றுக்கொன்று எல்லைச் சோதனை இல்லாத நாடுகளில், விதி இன்னும் நெகிழ்வானது. அங்கே தங்குவதற்கும் திரும்பிப் போவதற்கும் வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும், அதற்கு ஆதாரமாக ரிட்டர்ன் டிக்கெட்டைக் கேட்கலாம். விசாவுக்கு விண்ணப்பிக்கும்போதே பெரும்பாலும் இதைப் பார்த்துவிடுகிறார்கள்.

இன்னொரு வாசகர்: "நாற்பத்தெட்டு மணிநேரத்துக்கு டம்மி டிக்கெட், மிகக் குறைந்த விலையில்" என்று விளம்பரங்கள் வருகின்றன. நண்பர் ஒருவர் அதுகூட வேண்டாம், பழைய டிக்கெட்டில் தேதியை மாற்றி பி.டி.எஃப். ஆக்கிக் காட்டினால் போதும் என்கிறார். எதைச் செய்யலாம்?

நண்பர் சொல்வதை இந்த நிமிடமே மறந்துவிடுங்கள். அது போலி ஆவணம். பொய்யான ஆவணம் காட்டி நுழைய முயன்றது தெரிந்தால் அமெரிக்கச் சட்டத்தில் அது நிரந்தரத் தடைக்கான காரணம், பிறகு விலக்கு கேட்டு விண்ணப்பித்து, அதுவும் கிடைத்தால்தான் உண்டு. பிரிட்டனில் விசா விண்ணப்பத்தில் ஏமாற்று வேலை செய்தவர்களுக்கு 10 ஆண்டு வரை கதவு மூடப்படும். ஒரு டிக்கெட் காசை மிச்சம் பிடிப்பதற்காக, பின்னால் எந்த விசா விண்ணப்பத்திலும் "இதற்கு முன் மறுக்கப்பட்டிருக்கிறதா" என்ற கட்டத்தில் "ஆம்" என்று எழுத வேண்டிய நிலைமையை யாரும் தேடிக்கொள்ளக் கூடாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

சரி, டம்மி டிக்கெட்டுக்கு வருவோம். டிக்கெட் தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று பி.என்.ஆர்., ஆறு எழுத்தும் எண்ணும் கலந்தது. அது முன்பதிவு இருக்கிறது என்பதை மட்டும் சொல்லும். இன்னொன்று 13 இலக்க இ-டிக்கெட் எண், முதல் மூன்று இலக்கம் எந்த விமானக் கம்பெனி என்பதைக் காட்டும். அந்த எண் வந்தால்தான் பணம் கட்டி டிக்கெட் எடுத்தாயிற்று என்று அர்த்தம். ஏஜென்ட்கள் தருகிற டம்மி பெரும்பாலும் பணம் கட்டாமல் பிடித்து வைத்த வெறும் பி.என்.ஆர்.தான், குறித்த நேரம் தாண்டினால் தானாக ரத்தாகிவிடும். கவுன்ட்டரில் இருப்பவர் கண் முதலில் தேடுவது அந்த 13 இலக்கத்தைத்தான். சில சேவைகள் உண்மையிலேயே பணம் கட்டி டிக்கெட் எடுத்துக் கொடுத்துவிட்டு, நீங்கள் போய்ச் சேர்ந்ததும் ரத்து செய்துகொள்கின்றன. இந்த வகை கவுன்ட்டரைத் தாண்டிவிடும், அதை மறுக்கவில்லை. ஆனால் விமானம் தாமதமாகி நீங்கள் போய் இறங்கும்போது அந்த டிக்கெட் செத்துப் போயிருந்தால், இமிக்ரேஷன் அதிகாரி முன்னால் ரத்தான டிக்கெட்டைத்தான் நீட்டிக்கொண்டிருப்பீர்கள். தவிர, போகப் போவதே இல்லாத ஒரு விமானத்தைக் காட்டி "இதில்தான் கிளம்புவேன்" என்று ஓர் அரசு அதிகாரியிடம் சொல்வதும் பொய்தான். நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனென்றால் நேர் வழியிலேயே இதைவிடப் பெரிய செலவில்லாமல் முடித்துக்கொள்ளலாம்.

முதல் வழி, பக்கத்து நாடு ஒன்றுக்குப் பட்ஜெட் விமானத்தில் இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை வாங்கிவிடுவது. பயன்படாவிட்டால் அந்தக் காசு போனது போனதுதான், பயணச் செலவில் ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பக்கத்து நாட்டுக்குள் போக உங்களுக்கு விசா தேவையென்றால் கவுன்ட்டரில் அந்த விசாவையும் கேட்பார்கள், உங்களால் நுழையவே முடியாத நாட்டுக்கான டிக்கெட் ஆன்வர்ட் டிக்கெட் ஆகாது.

இரண்டாவது, முழுப் பணம் திரும்பக் கிடைக்கும் டிக்கெட். விலை கூடுதல், ஆனால் பணம் திரும்பி வரும். வாங்கும்போது "ரத்து செய்யலாம்" என்று போட்டிருக்கிறதா, "ரீஃபண்ட் உண்டு" என்று போட்டிருக்கிறதா என்று உற்றுப் பாருங்கள். ரத்து செய்தால் பணத்துக்குப் பதிலாகக் கூப்பன் தருகிற டிக்கெட்டுகள் நிறைய இருக்கின்றன. வேற்று நாட்டுப் பணத்தில் வாங்கினால் போகும்போது ஒரு மாற்று விகிதம், வரும்போது ஒரு விகிதம் என்று கொஞ்சம் கரையும். கிரெடிட் கார்டில் பணம் வந்து சேரச் சில நாளோ சில வாரமோ ஆகலாம், அதுவரைக்கும் கார்டின் வரம்பில் அந்தத் தொகை அடைபட்டுக் கிடக்கும். நீண்ட பயணத்தின் தொடக்கத்தில் அது சிரமம்.

மூன்றாவது, விமான மைல்கள் (அடிக்கடி பறப்பவர்களுக்குக் கம்பெனி தருகிற புள்ளிகள்) சேர்த்து வைத்திருந்தால் அதில் எடுக்கிற டிக்கெட். பல கம்பெனிகளில் அதை ரத்து செய்தால் சிறு கட்டணம் போக மைல்கள் திரும்பிவிடும். நீண்ட பயணம் போகிறவர்களுக்கு இதுதான் எனக்குப் பிடித்த வழி.

அமெரிக்காவுக்கு வருகிற, அங்கிருந்து கிளம்புகிற விமானங்களுக்கு மட்டும் ஒரு சலுகை. பயணத் தேதிக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விமானக் கம்பெனியிடம் நேரடியாக முன்பதிவு செய்தால், 24 மணிநேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையில் 24 மணிநேரம் பிடித்து வைக்கவோ, இரண்டில் ஒன்றை அவர்கள் தந்தாக வேண்டும். திட்டம் மாறினால் மனம் மாற ஒரு நாள் அவகாசம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அடுத்த நாட்டுக்குப் பஸ்ஸில் போகப் போகிறேன். பஸ்ஸுக்கு மூன்று வாரம் முன்னால் எப்படி டிக்கெட் காட்டுவது?

பெரும்பாலான விதிகள் அங்கிருந்து வெளியேறும் டிக்கெட் வேண்டும் என்றுதான் சொல்கின்றன, விமானம்தான் என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்காது. எல்லை தாண்டும் பஸ், ரயில், கப்பல் டிக்கெட்டுகள் பல நேரம் செல்லும். கோஸ்டா ரிக்காவுக்குப் போகிறவர்கள் பனாமாவுக்கோ நிகராகுவாவுக்கோ போகும் பஸ் டிக்கெட்டைக் காட்டுவது வழக்கமாகவே இருக்கிறது. ஆனால் ஏற்றுக்கொள்வதா வேண்டாமா என்பதைக் கவுன்ட்டரில் இருப்பவர் முடிவு செய்கிறார், சிலர் விமான டிக்கெட்டுக்குக் குறைந்து எதையும் ஒப்புவதில்லை. பெயர், தேதி, எங்கிருந்து எங்கே என்ற மூன்றும் அச்சாகியிருக்கும் பஸ் டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்து வைத்துக்கொண்டு, விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டு, வருகிற பதிலையும் கையில் வைத்திருங்கள். "அங்கே போய் பஸ் பிடித்துக்கொள்வேன்" என்று வாயால் சொல்வது எடுபடாது.

எனக்கு விசா ஆன் அரைவலில் 30 நாள் கிடைக்கும், பிறகு நீட்டித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ரிட்டர்ன் டிக்கெட்டை 45-ஆம் நாளுக்கு எடுத்திருக்கிறேன். பிரச்சினை வருமா?

வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் விசா ஆன் அரைவல் 30 நாள், ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம் என்பது உண்மை. ஆனால் கவுன்ட்டரில் நிற்கும்போது உங்கள் கையில் இருப்பது 30 நாளுக்கான உரிமை மட்டும்தான், நீட்டிப்பு இன்னும் கிடைக்காத ஒன்று. டிக்கெட் தேதி 45-ஆம் நாள் என்றால் அனுமதிக்கு மேல் தங்கப் போவதாக நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக 30 நாளுக்குள் எடுத்துக்கொண்டு, நீட்டிப்பு கிடைத்ததும் தேதியைத் தள்ளுங்கள். எல்லா நாட்டிலும் நீட்டிப்பு கிடைக்கும் என்றும் நினைக்க வேண்டாம், இந்திய பாஸ்போர்ட்டுக்கு பிலிப்பைன்ஸ் 2025 ஜூனிலிருந்து விசா இல்லாமல் தருகிற 14 நாளை நீட்டிக்க முடியாது.

நாள் எண்ணுவதிலும் கவனம் வேண்டும். 30 நாள் என்பது ஒரு மாதம் அல்ல. பல நாடுகளில் இறங்குகிற நாளே முதல் நாள், இரவு 11.50-க்கு இறங்கினாலும் சரி. ஷெங்கனில் நுழைகிற நாள், வெளியேறுகிற நாள் இரண்டுமே கணக்கில் சேரும், எந்த 180 நாளை எடுத்துப் பார்த்தாலும் 90-க்கு மேல் போகக் கூடாது. 2025 அக்டோபர் 12 முதல் அங்கே நுழைவையும் வெளியேற்றத்தையும் கணினியில் பதிய ஆரம்பித்துவிட்டார்கள், முத்திரை மங்கலாக விழுந்ததால் தப்பித்த காலம் முடிந்தது.

மகள் அமெரிக்காவில் இருக்கிறாள், முதல் பிரசவம். எங்கள் இருவருக்கும் சுற்றுலா விசா கிடைத்துவிட்டது. எப்போது திரும்புவோம் என்று இப்போது எப்படித் தெரியும்? அதனால் ஒன்-வே எடுக்கலாம் என்கிறார் மருமகன்.

முதலில், சுகப்பிரசவம் ஆக வாழ்த்துகள் அம்மா.

பி1/பி2 விசாவில், அதாவது நீங்கள் சொல்லும் சுற்றுலா விசாவில் போகிறவர்கள் ரிட்டர்ன் டிக்கெட் வைத்திருந்தே ஆக வேண்டும் என்று சட்டத்தில் இல்லை, மருமகன் சொல்வது தப்பில்லை. ஆனாலும் நான் ரிட்டர்னோடுதான் போகச் சொல்வேன். எத்தனை நாள் தங்கலாம் என்பதை உங்கள் விசா முடிவு செய்வதில்லை, இறங்கும் இடத்தில் இருக்கிற அதிகாரி முடிவு செய்கிறார், வழக்கமாக ஆறு மாதம் வரை தருகிறார். நீங்கள் திரும்பிப் போகிறவர்கள்தான் என்று அவருக்குத் தோன்ற வேண்டும். நீண்ட விமானப் பயணத்தால் களைத்து, மொழி முழுசாகப் பிடிபடாமல், பின்னால் பெரிய வரிசை நிற்கும்போது, "எப்போது திரும்புவீர்கள்?" என்ற கேள்விக்குத் தேதி போட்ட டிக்கெட்டை எடுத்து நீட்டுவது எவ்வளவு நிம்மதி என்று நினைத்துப் பாருங்கள். மகளின் வீட்டு முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒரு தாளில் எழுதி பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்துபோனால் அதுதான் கைகொடுக்கும். வாயால் சொல்கிற தேதியும் டிக்கெட்டில் இருக்கிற தேதியும் ஒன்றாக இருக்கட்டும், உங்கள் இருவருடைய பதிலும் ஒன்றாக இருக்கட்டும்.

செலவும் பெரும்பாலும் கூடாது. தொலைதூரப் பயணத்தில் பெரிய விமானக் கம்பெனிகள் ஒன்-வேக்குப் போடுகிற விலை பல நேரம் ரிட்டர்னில் பாதியைவிட வெகுவாக அதிகம். சுமார் 11 மாதத்துக்கு முன்பிருந்தே டிக்கெட் விற்பதால் ஐந்து மாதம் கழித்து ஒரு தேதி தாராளமாகக் கிடைக்கும். தேதி மாற்றக் கட்டணம் இல்லாத டிக்கெட்டாகப் பாருங்கள், மாற்றும்போது அன்றைய விலை கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தை மட்டும் கட்ட வேண்டியிருக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை, ரிட்டர்ன் டிக்கெட்டின் முதல் பாதியில் பயணம் செய்யாமல் விட்டால் மீதிப் பாதியும் ரத்தாகிவிடும்.

மேற்படிப்புக்கும் வேலைக்கும் போகிறவர்களுக்குமா இந்த விதி?

பொதுவாக இல்லை. மாணவர் விசா, வேலை விசா, நிரந்தரக் குடியிருப்பு அட்டை இருப்பவர்கள் ஒன்-வேயில் போவது சகஜம். அந்த விசாவோ அட்டையோ கையில் இருக்க வேண்டும், "போனதும் வாங்கிக்கொள்வேன்" என்றால் கவுன்ட்டரில் உங்களைச் சுற்றுலாப் பயணியாகத்தான் பார்ப்பார்கள். கப்பலில் சேரப் போகும் மாலுமிகள் கப்பல் கம்பெனியின் உத்தரவாதக் கடிதத்தையும் மாலுமி அடையாளப் புத்தகத்தையும் சேர்த்துக் காட்டுவார்கள்.

ஆன்வர்ட் டிக்கெட் இல்லை என்று விமானத்தில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள். நஷ்ட ஈடு கேட்கலாமா?

விதி உண்மையிலேயே டிக்கெட் கேட்கிறது என்றால் கிடைக்காது. பயணிகளுக்கு மிகவும் சாதகமானது என்று பெயரெடுத்த ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004-ஆம் ஆண்டு 261-ஆம் எண் விதிகூட, ஆவணம் போதாமல் தடுக்கப்பட்டவரை நஷ்ட ஈட்டுக்குரியவராகச் சேர்ப்பதில்லை. விதி அப்படிக் கேட்கவில்லை, ஊழியர்தான் தவறாகப் படித்தார் என்றால் கதை வேறு. அங்கேயே, அமைதியாக, எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். திரையில் இருக்கும் வரிகளைக் காட்டச் சொல்லுங்கள், மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள், நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் புகார் எழுத இவை வேண்டும்.

போகிற டிக்கெட் ஒரு கம்பெனி, அங்கிருந்து கிளம்புகிற டிக்கெட் வேறு கம்பெனி. இவர்களுக்கு அது தெரியுமா?

தெரியாது. தனித்தனியாக வாங்கிய டிக்கெட் அவர்கள் கணினியில் வராது, அவர்கள் கண்ணுக்கு நீங்கள் ஒன்-வே பயணிதான். இதனால் சில நேரம் ஆன்லைன் செக்-இன் பாதியில் நின்று "கவுன்ட்டருக்கு வாருங்கள்" என்று வரும், பயப்பட வேண்டாம், ஆவணம் பார்க்கத்தான். ஆனால் அதற்காகவே வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்விடுங்கள். இரண்டாவது டிக்கெட்டை அச்செடுத்தும் வைத்திருங்கள், போனில் இணையம் இல்லாமலும் திறக்கிற மாதிரி சேமித்தும் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள பெயர் எழுத்துக்கு எழுத்து அதிலும் இருக்கிறதா என்று பாருங்கள், அப்பா பெயரை இனிஷியலாகப் போடும் நம்மவர்களுக்கு ஒரு டிக்கெட்டில் முழுப் பெயரும் இன்னொன்றில் ஒற்றை எழுத்தும் வந்துவிடுவது உண்டு. அப்படி வந்திருந்தால் கிளம்புவதற்குச் சில நாள் முன்பே கம்பெனியைக் கூப்பிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.